படிவத்தில் ஒரு கட்டம்: உடல்நிலையை வேலையிடத்தில் சொல்வதா, வேண்டாமா?

1. மழைக்குருவி

வணக்கம். நீண்ட நாளாக இங்கே படிப்பதோடு சரி, எழுதுவது இதுவே முதல் முறை.

எனக்கு வயது 24. பதினைந்து வயதிலிருந்து வலிப்பு நோய் இருக்கிறது. மாத்திரையால் கட்டுக்குள் இருக்கிறது. கடைசியாக வந்து பதினான்கு மாதங்கள் ஆகின்றன. இரண்டு வாரங்களுக்கு முன் ஒரு நிறுவனத்தில் தரவுப் பகுப்பாய்வுப் பிரிவில் வேலை கிடைத்தது. ஆறு மாதம் தகுதிகாண் பருவம். நேர்முகத் தேர்வில் உடல்நிலையைப் பற்றி யாரும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. இப்போது சேர்க்கைப் படிவங்கள் வந்திருக்கின்றன. நான்காம் பக்கத்தில் ஒரு வரி: 'மாற்றுத்திறன் அல்லது நீண்டகால உடல்நலப் பிரச்சினை ஏதேனும் உண்டா?' பக்கத்தில் இரண்டு கட்டங்கள், ஆம், இல்லை. மற்ற எல்லாவற்றையும் அரைமணி நேரத்தில் நிரப்பிவிட்டேன். இந்த ஒரு வரியில் மூன்று நாளாக நிற்கிறேன்.

மூன்றாம் மாதத்திலிருந்து சுழற்சி முறையில் இரவுப் பணி உண்டு. தூக்கம் கெட்டால் எனக்கு வலிப்பு வரும். பட்டுத் தெரிந்துகொண்டது இது. சொல்லாமல் சேர்ந்தால் மூன்றாம் மாதம் மாட்டிக்கொள்வேன். சொல்லிச் சேர்ந்தால் ஆறாம் மாதம் 'எங்கள் தேவைக்குப் பொருந்தவில்லை' என்று கடிதம் வரும் என்று பயமாக இருக்கிறது. காரணம் இதுதான் என்று என்னால் நிரூபிக்கவும் முடியாது.

முன்பு வேறோர் இடத்தில் பயிற்சிக்குச் சென்றபோது யாரிடமும் சொல்லவில்லை. கூட்ட அறையில் வலிப்பு வந்தது. நல்லெண்ணத்தில் யாரோ என் பற்களுக்கு நடுவே பேனாவைத் திணித்திருக்கிறார்கள். கடைவாய்ப் பல் ஒன்று உடைந்தது. மறுநாள் முதல் எல்லாரும் என்னிடம் தாழ்ந்த குரலில் பேசத் தொடங்கினார்கள். பல் வலி ஒரு வாரத்தில் போய்விட்டது. அந்தக் குரல் பயிற்சி முடியும்வரை போகவில்லை.

திங்கட்கிழமைக்குள் படிவம் போயாக வேண்டும். என் இடத்தில் நீங்கள் இருந்தால் என்ன செய்வீர்கள்?

2. ஒரு தகப்பன்

சொல்லாதீர்கள் அம்மா. என் மகனுக்கும் இதே நோய்தான். முதலில் வேலையில் உட்காருங்கள், உங்கள் திறமையை அவர்கள் பார்க்கட்டும். ஆறு மாதம் கழிந்த பிறகு பார்த்துக்கொள்ளலாம். வெளியே சொன்ன சொல்லைத் திரும்ப எடுக்க முடியாது.

3. உருளி

வேலைக்கு வாழ்த்துகள்.

நான் சக்கர நாற்காலியில் போகிறவன். சொல்வதா வேண்டாமா என்ற கேள்வியே எனக்குக் கிடையாது. கதவு திறந்ததும் நாற்காலி எனக்கு முன்னால் போய்ச் சொல்லிவிடும். உங்களைப் போன்றவர்களைப் பார்த்து நான் பொறாமைப்பட்ட காலம் உண்டு. இந்தப் பதிவைப் படித்தபின் அந்தப் பொறாமை கொஞ்சம் குறைந்தது. மூன்று நாள் ஒரு கட்டத்தின் முன் நிற்கும் வேதனை எனக்குத் தெரியாது.

4. அரைச்செவி

ஐயா (2) சொன்னதோடு எனக்கு உடன்பாடில்லை. அந்த அறிவுரையின்படி இரண்டு ஆண்டுகள் வாழ்ந்து பார்த்தவன் நான்.

இடது காது முழுவதும் கேட்காது, வலது காதில் பாதிதான் கேட்கும். காதுக்குள்ளேயே அடங்கிவிடும் சிறிய கருவி என்பதால் யாருக்கும் தெரியாது. சேர்ந்த நாளிலிருந்து மறைத்தேன். மறைப்பது தனி வேலை. அதற்குச் சம்பளம் கிடையாது. எந்தக் கூட்டத்திலும் முதல் ஆளாகப் போய் வலது காது மற்றவர்கள் பக்கம் இருக்கும்படியான நாற்காலியைப் பிடிப்பேன். எல்லாரும் சிரிக்கும்போது சிரிப்பேன், எல்லாரும் தலையாட்டும்போது ஆட்டுவேன். ஒருமுறை அப்படித் தலையாட்டி, அடுத்த வாரம் முழு அறிக்கையையும் நானே தயாரிப்பதாக ஒப்புக்கொண்டிருக்கிறேன். ஒப்புக்கொண்டதே எனக்குத் தெரியாது. அறிக்கை எங்கே என்று கேட்டபோதுதான் தெரிந்தது.

ஆனால் என்னை உடைத்தது அதுவல்ல. இரண்டாம் ஆண்டு மதிப்பீட்டில் என் மேலாளர் எழுதியிருந்தார்: 'கூப்பிட்டால் திரும்பிப் பார்ப்பதில்லை. சக ஊழியர்களை மதிப்பதில்லை.' பின்னாலிருந்து கூப்பிட்டவர்களுக்கெல்லாம் நான் திமிர் பிடித்தவனாக ஆகியிருக்கிறேன். நாம் காரணத்தைச் சொல்லாவிட்டால் அந்த இடம் வெறுமையாக இருக்காது சகோதரி. பார்ப்பவர்களே ஒரு காரணத்தை எழுதிக்கொள்வார்கள். அவர்கள் எழுதும் காரணம் நம் நோயைவிட மோசமாக இருக்கும்.

அன்றே அவரிடம் சொன்னேன். அவர் கேட்ட முதல் கேள்வி: 'இதை ஏன் இத்தனை நாள் சொல்லவில்லை?' அதற்கு மட்டும் என்னிடம் பதில் இருக்கவில்லை.

5. பழைய கணக்கன்

கதை நன்றாக இருக்கிறது. என் கதை நேர் எதிரானது.

எனக்கு இளவயதிலேயே முடக்குவாதம். நேர்மை, வெளிப்படை என்றெல்லாம் நம்பி முதல் நாளே சொன்னேன். யாரும் திட்டவில்லை, யாரும் கேலி செய்யவில்லை. மிகவும் அன்பாக இருந்தார்கள். அந்த அன்புதான் என்னை முடித்தது. 'பயணம் உங்களுக்குச் சிரமம்' என்று வெளியூர்ப் பணிகளை வேறொருவருக்குக் கொடுத்தார்கள். நான் கேட்கவே இல்லை. 'அழுத்தம் கூடாது' என்று பெரிய வாடிக்கையாளர்களை எடுத்துக்கொண்டார்கள். மூன்றாம் ஆண்டு பதவி உயர்வுப் பட்டியலில் என் பெயர் இல்லை. காரணம் கேட்டேன். 'களப்பணி அனுபவம் போதவில்லை' என்றார்கள்.

இதை எந்த நீதிமன்றத்தில் போய்ச் சொல்வது? எல்லாரும் என்மீது அக்கறையாக இருந்தார்கள் என்று வழக்குப் போட முடியுமா?

6. நிலைக்கண்ணாடி

நான் மனிதவளப் பிரிவில் பதினொரு ஆண்டுகளாக இருக்கிறேன். கல்லெறிய நினைப்பவர்கள் படித்து முடித்துவிட்டு எறியுங்கள்.

மழைக்குருவி, முதலில் அந்தப் படிவம் எது என்று பாருங்கள். ஒரே கட்டாக மூன்று வகைத் தாள்கள் வருவது வழக்கம். ஒன்று புள்ளிவிவரத்துக்கானது, எங்களிடம் மாற்றுத்திறனாளிகள் எத்தனை பேர் என்று கணக்கு எடுக்க. பெரும்பாலும் விருப்பம் இருந்தால் நிரப்பினால் போதும். 'சொல்ல விரும்பவில்லை' என்ற மூன்றாவது கட்டமும் பல இடங்களில் இருக்கும். இரண்டாவது, மருத்துவத் தகுதிக்கானது. மூன்றாவது, காப்பீட்டுக்கானது. இந்த மூன்றாவதில் மட்டும் விளையாடாதீர்கள். தெரிந்தே 'இல்லை' என்று எழுதினால் பிறகு இழப்பீடு கேட்கும்போது அந்தத் தாளையே காட்டி மறுக்க வாய்ப்பு உண்டு. மற்றவற்றிலும் மௌனம் வேறு, பொய் வேறு. கேட்காததைச் சொல்லாமல் இருப்பதில் தவறில்லை. எழுத்தில் கேட்டதற்கு 'இல்லை' என்று கையெழுத்திட்டால் நோயை விட்டுவிட்டு அந்தக் கையெழுத்தைப் பிடித்துக்கொள்வார்கள்.

நீங்கள் எந்த நாடு என்று சொல்லவில்லை, சொல்லவும் வேண்டாம். ஆனால் சட்டம் இடத்துக்கு இடம் மாறும். அமெரிக்காவின் 1990ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் சட்டப்படி (15 பேருக்குக் குறையாத நிறுவனங்களுக்கு இது பொருந்தும்) வேலை உறுதியாவதற்கு முன் உடல்நலக் கேள்வியே கேட்கக் கூடாது. உறுதியான பிறகு கேட்கலாம், ஆனால் அதே பணியில் சேரும் எல்லாரிடமும் கேட்க வேண்டும், பதிலைத் தனிக் கோப்பில் இரகசியமாக வைக்க வேண்டும். பிரிட்டனின் 2010ஆம் ஆண்டுச் சமத்துவச் சட்டமும் நியமனத்துக்கு முன் கேட்பதைப் பெரிதும் தடுக்கிறது. இரண்டு இடங்களிலும் தகுதிகாண் பருவத்தில் இருப்பவருக்கும் பாகுபாட்டுக்கு எதிரான பாதுகாப்பு உண்டு. இந்தியாவின் 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 21 வகைக் குறைபாடுகளைப் பட்டியலிடுகிறது. வலிப்பு அதில் பெயர் சொல்லிக் குறிப்பிடப்படவில்லை. வேலையில் பாகுபாடு கூடாது என்னும் 20ஆம் பிரிவு அரசு நிறுவனங்களைத்தான் நேரடியாகக் கட்டுப்படுத்துகிறது. தனியார் நிறுவனமும் சம வாய்ப்புக் கொள்கை ஒன்றை வெளியிட்டாக வேண்டும் என்கிறது 21ஆம் பிரிவு. சேரும் முன் அந்தக் கொள்கையைக் கேட்டு வாங்கிப் படியுங்கள். அப்படி ஒன்று இல்லை என்றால் அதுவும் ஒரு தகவல்தான்.

ஒரு விஷயத்தைக் கவனியுங்கள். நிறுவனம் (இரவுப் பணி விலக்கு போன்ற) வசதி செய்து தர வேண்டும் என்ற கடமை பெரும்பாலும் அதற்கு விஷயம் தெரிந்த பிறகுதான் தொடங்குகிறது. தெரியாத ஒன்றுக்கு அதைப் பொறுப்பாக்குவது கடினம்.

7. பழைய கணக்கன்

«தனிக் கோப்பில் இரகசியமாக வைக்க வேண்டும்»

வைக்கிறீர்களா?

8. நிலைக்கண்ணாடி

நியாயமான கேள்வி. கோப்பு பூட்டித்தான் இருக்கும். ஆனால் இரவுப் பணியிலிருந்து ஒருவருக்கு விலக்கு என்றால் பணிப்பட்டியல் போடுபவருக்குத் தெரிய வேண்டும். அவருக்கு விலக்கு மட்டும் தெரிந்தால் போதும், காரணம் தெரிய வேண்டியதில்லை. நல்ல இடங்களில் அப்படித்தான் நடக்கும். மற்ற இடங்களில் யாராவது 'ஏன் அவளுக்கு மட்டும்' என்று கேட்பார், மேலாளர் வாய் தவறுவார். நானே ஒருமுறை அப்படி ஒரு கசிவை அடைக்கப் போய் முடியாமல் திரும்பியிருக்கிறேன். அதை இங்கே மறைத்துப் பயனில்லை.

அதனால்தான் சேர்பவர்களிடம் நான் சொல்வது: நோயின் பெயரைக் கொடுக்காதீர்கள், தேவையைக் கொடுங்கள். 'நரம்பியல் சார்ந்த உடல்நிலை காரணமாக இரவு நேரப் பணி கூடாது, மற்றபடி முழுத் தகுதி உண்டு' என்று உங்கள் மருத்துவர் இரண்டு வரி எழுதித் தந்தால் பல இடங்களில் அதுவே போதும்.

9. இருமுனையன்

எனக்கு மனநலம் சார்ந்த நோய், பெயரே என் கணக்குப் பெயரில் இருக்கிறது. இங்கே பேசுவதெல்லாம் உடல் நோய்க்குப் பொருந்தும். காது கேட்காதவர் கோபப்பட்டால் அது கோபம். நான் கோபப்பட்டால் அது அறிகுறி. விஷயம் தெரிந்த பிறகு நான் சாதாரணமாகச் சலித்துக்கொண்டால்கூட 'மாத்திரை சாப்பிட்டாயா' என்ற பார்வை வரும். ஆகவே நான் சொன்னதில்லை, சொல்லவும் போவதில்லை. மாதம் ஒரு நாள் மருத்துவரைப் பார்க்க விடுப்பு, அவ்வளவுதான் எனக்குத் தேவை. அதைச் சாதாரண விடுப்பிலேயே முடித்துக்கொள்கிறேன்.

தேவை எதுவும் இல்லாதபோது எதற்காகச் சொல்ல வேண்டும்? நேர்மைக்காகவா? அவர்கள் தங்கள் சர்க்கரை அளவை என்னிடம் சொல்கிறார்களா?

10. அரைச்செவி

இருமுனையன் சொல்வதை ஒப்புக்கொள்கிறேன். நான் சொல்லாமல் இருந்ததால் தினமும் வேலை கெட்டது, உங்களுக்குக் கெடவில்லை. மழைக்குருவிக்கு மூன்றாம் மாதத்தில் கெடப்போகிறது. மூன்றும் மூன்று கணக்குகள்.

11. நெறியாளர்

மருந்தின் பெயர், அளவு கேட்டு இரண்டு பதிவுகள் வந்தன, நீக்கிவிட்டேன். நிறுவனங்களின் பெயரையும் எழுத வேண்டாம்.

12. மழைக்குருவி

எல்லாருக்கும் நன்றி. படிவத்தை மறுபடி பார்த்தேன். நிலைக்கண்ணாடி அம்மா சொன்னது சரி, அது புள்ளிவிவரத் தாள்தான். கீழே சிறிய எழுத்தில் 'விருப்பத்தின் பேரில்' என்று இருக்கிறது. மூன்று நாளாகக் கட்டத்தையே பார்த்தேன், அந்த எழுத்தைப் பார்க்கவில்லை. அதை நிரப்பாமல் விட்டுவிட்டேன். காப்பீட்டுத் தாளில் உள்ளபடி எழுதினேன்.

இரவுப் பணிக்காக ஒரு கடிதம் எழுதியிருக்கிறேன், குழுத் தலைவருக்கு. திருத்திக் கொடுங்கள்:

'மதிப்பிற்குரிய ஐயா, உங்கள் பொன்னான நேரத்தை எடுத்துக்கொள்வதற்கு மன்னிக்கவும். துரதிர்ஷ்டவசமாக எனக்குச் சிறு வயது முதல் வலிப்பு நோய் உள்ளது. இதனால் குழுவுக்குச் சுமையாக இருந்துவிடுவேனோ என்று வருந்துகிறேன். இயன்றால், உங்களுக்குச் சிரமம் இல்லை என்றால், இரவுப் பணியிலிருந்து விலக்களிக்க முடியுமா என்று தாழ்மையுடன் கேட்டுக்கொள்கிறேன்.'

13. உருளி

நான்கு வாக்கியத்தில் ஐந்து முறை குனிந்திருக்கிறீர்கள். எனக்கே முதுகு வலிக்கிறது.

14. அரைச்செவி

'மன்னிக்கவும்' போகட்டும். 'துரதிர்ஷ்டவசமாக' போகட்டும். 'சுமை' என்ற சொல்லை நீங்களே எடுத்துக் கொடுத்தால் அவர் அதைக் கீழே வைக்கவே மாட்டார். 'இயன்றால்' என்று எழுதினால் 'இயலவில்லை' என்ற பதிலையும் நீங்களே எழுதிக் கொடுத்ததாகிறது. எது தேவை, எப்போதிலிருந்து, அதற்கு ஈடாக எதைச் செய்ய முடியும் என்ற மூன்றும் இருந்தால் போதும்.

15. பழைய கணக்கன்

நான் சொல்லவே வேண்டாம் என்ற கட்சி. ஆனாலும் சொல்வது என்று முடிவெடுத்துவிட்டால் ஒரு வரியைச் சேருங்கள்: எது தேவையில்லை என்பதையும் எழுதுங்கள். 'பகல் பணி, பயணம், பொறுப்புகள் ஆகியவற்றில் எந்த மாற்றமும் வேண்டியதில்லை. எதையாவது குறைக்க நினைத்தால் முதலில் என்னிடம் கேளுங்கள்.' அந்த ஒரு வரியை நான் அன்றைக்கு எழுதாமல் விட்டேன்.

நேரில் பேசினாலும் அன்று மாலையே 'இன்று பேசியதன் சுருக்கம்' என்று மின்னஞ்சல் அனுப்பிவிடுங்கள். தேதி போட்ட எழுத்து ஒன்று உங்கள் கையில் இருக்கட்டும். ஆறாம் மாதக் கடிதத்துக்குப் பதில் சொல்ல அதுதான் உதவும்.

16. நிலைக்கண்ணாடி

கணக்கன் சொன்ன வரி என் பதினொரு ஆண்டு அனுபவத்தில் யாரும் எழுதிக் கொடுத்ததில்லை. நாளை முதல் சேர்பவர்களுக்கு நான் சொல்லப்போகிறேன்.

இன்னொன்று. 'எங்கள் நாட்டுச் சட்டப் பட்டியலில் என் நோய் இல்லை, அதனால் கேட்க உரிமை இல்லை' என்று நினைத்துவிட வேண்டாம். ஐ.நா.வின் 2006ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமை உடன்படிக்கை, நியாயமான வசதியை மறுப்பதே பாகுபாடு என்கிறது. இந்திய உச்ச நீதிமன்றமும் 2021இல், எழுதும்போது கை இழுத்துக்கொள்ளும் ஒரு தேர்வர் தொடுத்த வழக்கில், அத்தகைய வசதியைப் பெற 40 சதவீதக் குறைபாடு என்ற சான்று கட்டாயமில்லை என்று தீர்ப்பளித்தது.

17. மழைக்குருவி

இப்போது சரியா?

'வணக்கம். நரம்பியல் சார்ந்த உடல்நிலை காரணமாக எனக்கு ஒழுங்கான இரவுத் தூக்கம் தேவை. ஆகவே மூன்றாம் மாதம் முதல் வரும் இரவுச் சுழற்சியிலிருந்து என்னை விலக்கக் கோருகிறேன். மருத்துவர் கடிதம் இணைத்துள்ளேன். அதற்கு ஈடாக அதிகாலைப் பணியையும் வார இறுதிப் பணியையும் ஏற்றுக்கொள்கிறேன். மற்ற பொறுப்புகளில் எந்த மாற்றமும் வேண்டியதில்லை. மாற்றம் தேவை என்று நினைத்தால் முதலில் என்னிடம் பேசுங்கள்.'

ஆனால் ஒன்று உறுத்துகிறது. நோயின் பெயரைச் சொல்லாவிட்டால், வந்துவிட்டால் என்ன செய்ய வேண்டும் என்று யாருக்குத் தெரியும்? மறுபடி பேனாவோடு வருவார்களே.

18. நிலைக்கண்ணாடி

அதைப் பாதுகாப்பு விஷயமாகப் பிரித்துக்கொள்ளுங்கள். எல்லாருக்கும் அறிவிக்க வேண்டியதில்லை. பக்கத்து இருக்கையில் நம்பிக்கையான ஒருவர் போதும். அவரிடம் சொல்ல வேண்டியதும் கொஞ்சம்தான்: பிடித்து அழுத்தாதே, வாயில் எதையும் வைக்காதே, தலைக்கடியில் மெத்தென்று ஏதாவது வை, அடங்கியதும் ஒருக்களித்துப் படுக்க வை, நேரம் பார், ஐந்து நிமிடத்தைத் தாண்டினால் ஆம்புலன்ஸை அழை. ஒரு சிறு அட்டையில் எழுதிக் கொடுத்துவிடலாம்.

19. ஒரு தகப்பன்

எல்லாவற்றையும் படித்தேன். என் மகன் நான்கு ஆண்டுகளாக நான் சொன்னபடி மறைத்து வேலை செய்கிறான். பகலில் கழிப்பறைக்குள் போய்த்தான் மாத்திரை சாப்பிடுகிறான் என்று போன மாதம்தான் எனக்குத் தெரிந்தது. அவனிடம் இந்த இழையைக் காட்டட்டுமா என்று யோசிக்கிறேன். காட்டினால் என்னைத் தவறாக நினைப்பானோ என்றும் இருக்கிறது.

20. இருமுனையன்

காட்டுங்கள் ஐயா. முடிவை அவரிடம் விட்டுவிடுங்கள். சொல்லாதே என்றதைப் போலவே 'சொல்' என்றும் சொல்லிவிடாதீர்கள்.

21. மழைக்குருவி

ஏழு வாரம் கழித்து வருகிறேன். கேட்டவர்களுக்கு நன்றி.

குழுத் தலைவரிடம் முதலில் நேரில் பேசினேன். கடிதத்தைப் படித்துவிட்டு, 'சரி, பட்டியல் போடுபவரிடம் சொல்லிவிடுகிறேன்' என்றார். மூன்றே நிமிடம். இதற்காகவா மூன்று நாள் நின்றேன் என்று கோபமே வந்தது. மாலையில் சுருக்கத்தை மின்னஞ்சலில் அனுப்பினேன். 'நன்றி' என்று ஒற்றைச் சொல்லில் பதில். மறு வாரம் ஒரு வாடிக்கையாளர் சந்திப்பிலிருந்து என் பெயரை எடுத்திருந்தார்கள். கணக்கன் ஐயாவின் வரியைச் சுட்டிக்காட்டி எழுதினேன். பெயர் திரும்பி வந்தது. இதனால்தான் எடுத்தார்களா என்று தெரியாது.

அடுத்த மாதம் இரவுச் சுழற்சி தொடங்குகிறது. 'இவளுக்கு மட்டும் ஏன்' என்று ஒருவர் கேட்டதாகக் காதில் விழுந்தது. பக்கத்து இருக்கைக்காரரிடம் நோயின் பெயரைச் சொல்லி அட்டையைக் கொடுத்திருக்கிறேன். அவர் தாழ்ந்த குரலில் பேசவில்லை. ஐந்து நிமிடத்தைக் கைக்கடிகாரத்தில் பார்ப்பதா, அலைபேசியிலா என்று மட்டும் கேட்டார்.

இன்று காலை வந்தபோது என் மேசைக்குப் பின்னால் இருந்த இரும்பு அலமாரி, கூர்மையான முனை உள்ளது, நான்கடி தள்ளிச் சுவரோரம் போயிருந்தது. யார் நகர்த்தினார்கள் என்று தெரியவில்லை. பக்கத்து இருக்கைக்காரர் மூன்று நாளாக விடுப்பில் இருக்கிறார்.

22. அரைச்செவி

அந்த அலமாரியை நகர்த்தியவருக்கு என் வணக்கம்.

23. பழைய கணக்கன்

நல்லதுதான். ஆனால் அப்படியென்றால் இன்னொருவருக்கும் தெரிந்திருக்கிறது.

24. மழைக்குருவி

ஆமாம் ஐயா, அலமாரியைப் பார்த்ததும் எனக்கும் அந்தக் கணக்குதான் ஓடியது. குழுத் தலைவர் நாளை வருகிறார், கேட்டுவிடுகிறேன். அலமாரி அங்கேயே இருக்கட்டும்.